ஐந்து சேலைப் போர்வை

இன்று காலை பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் திறந்தேன். வசம்பு வாசனை குப்பென்று மூக்கில் ஏறி, மூன்று தும்மல் போட்டேன். நீ இருந்திருந்தால், "பெட்டியத் தொறந்ததும் மூஞ்சிய உள்ள விடாதன்னு எத்தன மட்டம் சொல்லுதேன் ஏட்டி" என்று தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாய். வருடத்துக்கு ஒரு முறை திறக்கிறேன், வருடத்துக்கு ஒரு முறை தும்முகிறேன். எனக்கு எதுவும் சீக்கிரம் மண்டையில் ஏறாது என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

பெட்டிக்குள் உன் போர்வை இருக்கிறது. உன் அம்மாவின் ஐந்து சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கையால் தைத்து, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நீ பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொல்வாயே, அதே போர்வை. உன் மகள் மத்தியானம் சாப்பிட வருகிறாள் என்றுதான் இறக்கினேன். டிப்ளமோ முடித்துவிட்டாள். ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் போன வாரம் சேர்ந்து, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். போனில் "சித்தி, ஞாயித்துக்கெழம வாரேன்" என்றாள். அந்த 'வாரேன்' அச்சு அசல் உன் குரல்.

இப்போது சாயங்காலம். அவள் வந்து போய்விட்டாள். நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உன்னை விட்டால் இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

முதலில் என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் போர்வை விஷயத்தில் நீ கடைசியாகக் கேட்டுக்கொண்ட ஒரே காரியத்தை நான் செய்யவில்லை. தலையை ஆட்டிவிட்டு, செய்யாமல் விட்டேன். அதைச் சொன்னால் உன் மகள் போர்வையைத் தொடுவாளா என்பது எனக்குத் தெரியவில்லை. சொல்லாமல் கொடுத்துவிடலாம் என்றால் மனசு ஒப்பவில்லை. வாரம் முழுக்க கம்பெனியில் கார் சீட் தைக்கிற லைனில் இதே யோசனை. இரண்டு சீட் கவரைத் தலைகீழாகத் தைத்துவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த லைனில்தானே நாம் பார்த்துக்கொண்டோம். பக்கத்து மிஷினில் புதிதாக வந்து உட்கார்ந்த நீ, வந்ததும் வராததுமாக, "ஏட்டி, இந்த பெடலு ஏன் இப்படி இழுக்கு?" என்றாய். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னாது, ஏட்டியா? மரியாதயா பேசு" என்று எகிறினேன். நீ பயப்படவே இல்லை. "எங்க ஊருல பிரியமானவள அப்படித்தான் கூப்பிடுவோம். ஒம் மேல இன்னும் பிரியம் இல்ல, பழக்கத்துல வந்துட்டு" என்றாய். சிரிப்பு வந்துவிட்டது. கேன்டீனில் உன் டப்பாவில் கையை விட்டேன். இரண்டு மாதத்தில், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் உன் வீட்டுக்காரரையும் நான்கு வயதுப் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுப் பின் போர்ஷனுக்கே குடி வந்துவிட்டாய்.

போர்வையை நான் முதலில் பார்த்தது பொங்கல் முடிந்த மறுநாள், மொட்டை மாடியில். கயிற்றுக் கட்டிலில் விரித்து, அதற்கு மேலே ஒரு வேட்டியைப் பந்தல் போலக் கட்டியிருந்தாய். "இன்னாடி இது, போகிக்கு எரிக்க மறந்துட்டியா?" என்றேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. "காத்துதான் இதுக்கு வேணும். வெயிலு நேரா பட்டா சாயம் போயிரும்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு சேலையாகக் காட்டினாய். அரக்கு, உன் அம்மா கல்யாணத்துக்குக் கட்டியது. பச்சைக் கட்டம், நீ பிறந்தபோது எடுத்தது. இன்னும் மூன்று, எல்லாம் நூல் சேலைகள். மஞ்சள் சேலையின் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு விறைப்பாக ஒரு கறை. உன் அம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவர். கையைத் துடைத்துத் துடைத்துப் பசை ஏறிய இடம் அது. நான் நகத்தால் சுரண்டப் போனேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "அழுக்கத்தான் எடுக்கணும். இது அழுக்கு இல்ல, எங்க அம்மா" என்றாய்.

அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த சித்திரையில் நீ ஊருக்குப் போயிருந்தபோது, பச்சைக் கட்டத்தின் விளிம்பு பிரிந்து கிடந்ததைப் பார்த்தேன். நீ திரும்புவதற்குள் தைத்து வைத்து அசத்தலாம் என்று நினைத்தேன். நாமெல்லாம் கார் சீட்டு தைக்கிறவர்கள். எண்பது கிலோ ஆள் பத்து வருடம் உட்கார்ந்து எழுந்தாலும் நம் தையல் விடாது. அதே மாதிரி நூல் ஒரு உருண்டை வாங்கிவந்து, நெருக்கமாக இரட்டைத் தையல் போட்டேன். இழுத்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

பதினைந்து நாளில் சேலை கிழிந்தது. நான் போட்ட தையல் ஓரமாகவே, பிளேடால் கீறிய மாதிரி ஒரு முழ நீளத்துக்கு. நூல் மட்டும் ஒன்றும் ஆகாமல் ஜம்மென்று நின்றது. நீ அதை மடியில் போட்டுக்கொண்டு கிழிசலை விரலால் தடவிக்கொண்டிருந்தாய். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தீர்ந்திருக்கும். நீ தலையை நிமிர்த்தி, "நம்ம கை சீட்டு தைச்சே பழகிட்டுல்லா, அது என்ன செய்யும்" என்றாய். பிறகு சொன்னதை நான் மறக்கவே இல்லை. "இழுபட்டா நூலுதான் அறணும், துணி அறக்கூடாது. நூலு அறுந்தா திரும்பத் தைச்சுக்கிடலாம். எங்க அம்மா சேலைய எந்தக் கடையில போயி வாங்க?"

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என் தையலை ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்தோம். பழைய வேட்டி ஓரத்திலிருந்து நூல் உருவி, கிழிசலுக்கு அடியில் மெல்லிய துண்டு வைத்து, தளர்வாகத் தைத்தோம். கை தன்னால் இறுக்கும். நீ "விடு, விடு" என்பாய். உன் வாயிலிருந்து வந்த அந்த 'விடு' எனக்குப் பல இடங்களில் உதவியிருக்கிறது. என் வீட்டுக்காரரோடு சண்டை வரும்போது கூட.

வருடம் ஒரு முறை துவைக்கும் வேலையையும் அப்புறம்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். முதலில் ஈர வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒற்றிச் சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பாய். பழைய கொசுவலையை விரித்து, அதன் மேல் போர்வையை வைத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அமுக்குவாய். அடிப்பது, முறுக்குவது ஒன்றும் கிடையாது. தூக்கும்போது வலையின் நான்கு முனையையும் பிடித்துத்தான் தூக்க வேண்டும். "ஈரத்துல தன் பாரமே அதைக் கிழிச்சிரும். இதுக்கு ரெண்டு பேரு வேணும்" என்பாய். இரண்டு முனை உனக்கு, இரண்டு முனை எனக்கு. நடுவில் தண்ணீர் சொட்டச் சொட்ட, பாப்பா வலைக்கு அடியில் புகுந்து நனைவாள். அவளைத் திட்டிக்கொண்டே நாமும் நனைவோம்.

பிறகு உனக்கு வயிற்றில் கட்டி வந்தது. அந்த எட்டு மாதத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, உனக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியபோது, மாசி மாதத்து வெக்கையிலும் உனக்கு நடுங்கியது. என்ன போர்த்தினாலும் குளிர் என்றாய். இந்தப் போர்வையைப் போர்த்தினால் மட்டும் நடுக்கம் கொஞ்சம் அடங்கியது.

அப்போதுதான் ஒரு நாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டாய். செத்தவர் படுத்த பாய், தலையணை, போர்வை எதையும் வீட்டில் வைக்க மாட்டார்கள், ஏரிக்கரையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் மாமியார் அதிலெல்லாம் கறார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "எனக்கு நேரம் வந்துட்டுன்னு தெரிஞ்சா, இத என் மேலருந்து உருவிரு. கம்பெனியில ஆயுதபூசைக்குக் குடுத்த போர்வை கால்மாட்டுல மடிச்சு வச்சிருக்கேம்லா, அதப் போத்து. அது போனா போகட்டும். இது பாப்பாக்கு." நான், "சும்மா கெடடி, எங்க போயிடப் போற நீ" என்று அதட்டினேன். நீ விடவில்லை. "தலைய ஆட்டு" என்றாய். ஆட்டினேன்.

மறு வாரம் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக உன்னிடம் வந்தேன். உன் வீட்டுக்காரர் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மாத்திரை வாங்கப் போயிருந்தார். நீயும் நானும்தான். இருமல் மருந்தை ஸ்பூனில் ஊட்டினேன். உள்ளே போகவில்லை, கடைவாயில் வழிந்து போர்வையில் பட்டது. உன் மூச்சு மாறியது எனக்குத் தெரிந்தது. தலையை ஆட்டியவள் ஆயிற்றே. எழுந்தேன், போர்வையின் ஓரத்தைப் பிடித்து முட்டி வரைக்கும் இழுத்தேன். உன் கால் இரண்டும் கிடுகிடுவென்று நடுங்கின. பாதம் ஐஸாக இருந்தது. என்னால் முடியவில்லை. இழுத்த போர்வையை மறுபடியும் உன் கழுத்து வரைக்கும் போர்த்தி, பக்கவாட்டில் செருகிவிட்டேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். திட்டினாயா, வேறு என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. நடுக்கம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மற்றதும் நின்றது.

அப்புறம் எல்லாம் வழக்கப்படி நடந்தது. பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் உன்னைக் கீழே கிடத்தி வெள்ளைத் துணி போர்த்தினார்கள். என் மாமியார் பாயையும் தலையணையையும் போர்வையையும் ஒரே சுருட்டாகச் சுருட்டிக் கொல்லைப் பக்கம் வைத்துவிட்டார். சாயங்காலம் அது உன்னோடு கிளம்பிப் போனது. ஊரெல்லாம் வாய் அடிக்கிற நான் அன்று வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் ஷிப்ட்டுக்குக் கிளம்பியவள் பஸ் ஏறாமல் ஏரிக்கரைக்குப் போனேன். வேலிகாத்தான் புதரில் கிடந்தது. பனியில் நனைந்து, புழுதி ஏறி, முள் கிழித்து, ஓரத்தில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. இழுக்காமல் ஒவ்வொரு முள்ளாக எடுத்தேன். "விடு, விடு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உனக்காக அழுதது அன்றுதான்.

வீட்டுக் கொல்லையில் கொண்டுவந்து வைத்ததும் மாமியார் வாசலிலிருந்து ஓடிவந்தார். "செத்தவ போத்துனத வூட்டுக்கு எடுத்தாந்துகினு வந்து நிக்கிற, உனக்கு புத்தி கீதா இல்லியா?"

"அவ பொண்ணுக்குன்னு வெச்சது அத்த. நான்தான் உருவாம வுட்டுட்டேன்."

அவர் உள்ளே போய்விட்டார். உன் வீட்டுக்காரரிடம் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். "ஊருக்குக் கொண்டு போனா எங்கம்மா வாசப்படி ஏத்தாது மைனி. என் கண்ணுல காட்டாதீய" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பதினாறாம் நாள் முடிந்ததும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்.

உலர்ந்த புழுதியை முதலில் தட்டாமல் மெல்லிய பிரஷ்ஷால் தள்ளி எடுத்தேன். சாயம் பார்த்தேன். கொல்லைத் தொட்டியில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அமுக்கினேன். எல்லாம் நீ சொன்னபடியே. தூக்கும்போதுதான் விழித்தேன். வலையின் இரண்டு முனையைப் பிடித்தால் மற்ற இரண்டு தண்ணீரில் தொங்கியது. இரண்டு பேர் வேண்டும் என்றாயே, இன்னொரு ஆளுக்கு நான் எங்கே போவேன்? முழங்கால் தண்ணீரில் நனைய, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றேன். பின்னால் மாமியாரின் குரல் கேட்டது.

"மஞ்சத் தண்ணி தெளிச்சியா?"

"தெளிச்சா கறை புடிச்சிக்கும் அத்த."

அவர் கொஞ்சம் யோசித்தார். உள்ளே போய் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, போர்வையில் ஒரு சொட்டுப் படாமல் என்னைச் சுற்றியும் தொட்டியைச் சுற்றியும் தெளித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டார். "இன்னா பாத்துக்கினு கீற? அந்த முனைய குடு" என்றார்.

இதை உன்னிடம் சொல்லத்தான் எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நீ வாடகை கொடுத்துக் குடியிருந்தபோது உன்னைக் கண்டாலே முகம் சுளித்தவர், ஒன்பது வருடமாக ஒவ்வொரு தை மாதமும் உன் போர்வைக்கு அந்தப் பக்கத்து முனையைப் பிடிக்கிறார். போன தையில் கை நடுங்கியது. "நாளைக்கு நான் போனா இன்னொரு ஆளைப் பாத்துக்க" என்று அதிலும் ஒரு அதட்டல் போட்டார்.

பிளாஸ்டிக் கவரில் வைக்கவில்லை, வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும் என்று நீ சொல்வாய். துவைத்த வேட்டியில் சுற்றி வைத்தேன். வசம்பைத் துணியில் முடிந்து, போர்வையைத் தொடாமல் பெட்டி மூலையில் போட்டேன். ஒரே மடிப்பில் விட்டால் மடித்த இடத்தில் இற்றுவிடும் என்பதால் வருடா வருடம் மடிப்பை மாற்றினேன். முள் கிழித்த இடங்களை எல்லாம் வேட்டி நூலில் தளர்வாகத் தைத்தேன். உன் அம்மாவின் பசைக் கறையைத் தொடவில்லை. கழுத்துப் பக்கம் நான் ஊட்டிய மருந்து வழிந்த இடம், செம்மண் நிறத்தில் நாலு விரல் அகலம். அதை எடுத்திருக்கலாம். இரண்டு தடவை அதற்கென்றே உட்கார்ந்துவிட்டு, எழுந்து வந்துவிட்டேன்.

மத்தியானம் உன் மகள் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தாள். உன் உயரம், உன் அவசரம். மாமியார் அவள் கன்னத்தைத் தடவி, "இன்னாடி பாப்பா, இப்டி இளைச்சிகினு வந்து நிக்கிற" என்று சோற்றை மலையாகக் குவித்தார். சாப்பிட்டு முடித்ததும் நான் பெட்டியைத் திறந்து, கூடத்தில் வேட்டியை விரித்து, அதன் மேல் போர்வையைப் பிரித்தேன். அவள் தொடவில்லை. "கையக் கழுவிட்டு வாரேன் சித்தி" என்று எழுந்து போனாள். சோறு சாப்பிட்ட கைதான், ஏற்கெனவே கழுவியதுதான். மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காய்ந்ததா என்று பார்த்துவிட்டு வந்து மண்டி போட்டாள். உன் பாடம் எதுவும் வீண் போகவில்லை.

பசைக் கறையில் விரலை வைத்தாள். "இது ஆச்சி" என்றாள். விரல் மெதுவாக மேலே நகர்ந்து கழுத்துப் பக்கம் வந்து நின்றது.

"இது என்ன சித்தி?"

டீக்கறை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டது, நான் தலையாட்டியது, முட்டி வரைக்கும் இழுத்தது, முடியாமல் போர்த்தியது, ஏரிக்கரை, முள். "அம்மா போனது இதுக்கு அடியிலதான் பாப்பா. புதுசா வேலைக்கிப் போற பொண்ணு நீ. வேணாம்னா வேணாம்னு சொல்லு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "அம்மா ஒங்ககிட்ட சொன்னத நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன் சித்தி" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ஸ்கூல் விட்டு வந்து பாத்தேன். இந்தப் போர்வை இல்ல. நீங்க உருவிட்டீயன்னு நெனச்சேன். கம்பெனிப் போர்வை மடிச்சது மடிச்சபடி கால்மாட்டுல இருந்துச்சு. அப்போ அதையும் யாரும் போத்தலையான்னு..." விரலால் அந்தக் கறையைத் தடவினாள். "எனக்கு வைக்கணும்னுதான உருவச் சொன்னா. என்னாலதான் அம்மா குளுருல போயிட்டான்னு இத்தன வருசமா நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"குளுரல பாப்பா" என்றேன். "நான் பக்கத்துலயே இருந்தேன். நடுக்கம் நின்னுச்சி. நல்லா போத்தி இருந்துச்சி."

அவள் போர்வையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கண்ணீர் பட்டால் கறையாகும் என்று நீ சொல்வாய். ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் எழுந்து உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்ல வேள சித்தி, அம்மா சொன்ன பேச்ச நீங்க கேக்கல" என்றாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ என்னிக்கு யார் பேச்ச கேட்டா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

போர்வையை வேட்டியோடு சுற்றிக் கொடுத்தேன். கொசுவலையையும் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "அது இங்கயே இருக்கட்டும். தை மாசம் வாரேன். ஒரு பக்கம் நான் பிடிக்கேன், ஒரு பக்கம் நீங்க பிடிங்க" என்றாள். இருட்டுவதற்குள் ஹாஸ்டலுக்குப் போக வேண்டும் என்று கிளம்பினாள். போர்வையை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தாள், நீ சொன்ன மாதிரியே.

உன்னிடம் நான் நன்றி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நம் இரண்டு பேருக்குள் அந்த வார்த்தைக்கு வேலை இருந்ததில்லை. இன்று சொல்கிறேன், திட்டாமல் கேட்டுக்கொள். என் இறுக்கமான கையைத் தளர்த்திவிட்டதற்கு நன்றி. உன் மகளுக்கு என்னைச் சித்தியாக்கியதற்கும்.

பெட்டி காலியாக இருக்கிறது. ஆனால் நீ கால்மாட்டில் மடித்து வைத்த அந்த ஆயுதபூசைப் போர்வை என்னிடம்தான் இருக்கிறது. போனா போகட்டும் என்றாயே, அது போகவே இல்லை. ஒவ்வொரு மார்கழியிலும் நான் போர்த்திக்கொள்வது அதைத்தான். சொரசொரவென்று இருக்கும், கழுத்தில் குத்தும். குளிருக்கு நன்றாக இருக்கிறது ஏட்டி.